கடுகு சைஸ் நாரையும் கறிவேப்பிலை செடி சிலந்தியும்: கேமரா, லென்ஸ் வாங்கி நான் பட்ட பாடு

திருநெல்வேலி பக்கம் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்து வாட்ச் டவர்ல ஏறி நின்னு 2018 பிப்ரவரியில நான் எடுத்த மொத போட்டோ இன்னும் ஹார்ட் டிஸ்க்ல கிடக்கு. எப்படியும் நூறு நாரை இருக்கும் அதுல, ஆனா நாரைன்னு நான் சொன்னாத்தான் உங்களுக்குத் தெரியும், தண்ணிக்கு நடுவுல நிக்கிற கருவேல மரத்து மேல கடுகை அள்ளித் தெளிச்ச மாதிரி இருக்கும். கையில இருந்தது நிக்கான் டி5600, கூட வந்த 18-55, 70-300 ரெண்டு லென்ஸ் (இந்த நம்பர் எல்லாம் எம்எம் கணக்கு, நம்பர் கூடக் கூட தூரத்துல இருக்கிறது பெருசா தெரியும்). 300ன்னா பெரிய லென்ஸ்னு நினைச்சுத்தான் வாங்கினேன், கடைக்காரரும் "சார் நிலாவையே எடுக்கலாம்"னாரு, நிலா எடுத்தேன் நல்லாத்தான் வந்துச்சு, அது பறந்து போகாதே.

அன்னைக்கே இன்னொன்னும் நடந்துச்சு, ஆனா அப்ப எனக்கு மண்டையில ஏறல. டவர்ல இருந்து இறங்கி ஊருக்குள்ள டீ குடிக்க போனா, தெருவுல வீட்டுக்கு மேல நிக்கிற மரத்துல மஞ்சள் மூக்கு நாரை கூடு கட்டி குஞ்சுக்கு இரை கொடுத்துட்டு இருக்கு. கூந்தன்குளம் போனவங்களுக்குத் தெரியும், அந்த ஊர்க்காரங்க பறவையை வீட்டுப் பிள்ளை மாதிரி வச்சிருப்பாங்க, அதுங்களும் வீட்டு வாசல் மரத்துலயே குடித்தனம் பண்ணும். அங்க 300ஐ வச்சுப் பார்த்தா தலை மட்டும்தான் ஃப்ரேம்ல நிக்குது, 120க்கு இறக்கினாத்தான் முழுப் பறவை வருது. ஒரே ஊர், ஒரே நாரை, ஒரே லென்ஸ். டவர்ல கடுகு, தெருவுல தலை வெட்டு. அப்பவே புரிஞ்சிருந்தா எனக்கு நிறைய காசு மிச்சமாயிருக்கும். புரியல, "எம்எம் பத்தல"ங்கிற ஒரே முடிவோட வீட்டுக்கு வந்தேன்.

நான் மெடிக்கல் ரெப். பாளையங்கோட்டையில இருந்து நாங்குநேரி, வள்ளியூர், மூலைக்கரைப்பட்டின்னு பைக்ல சுத்துற வேலை, வழி பூரா குளம். டாக்டர் வர லேட்டானா குளத்தங்கரையில நிக்கலாம், இதை விட ஒரு பறவை பைத்தியத்துக்கு என்ன வேணும். அதனால லென்ஸ் வாங்குற வெறி சட்டுனு ஏறிடுச்சு.

அடுத்து பண்ணது பெரிய கூத்து. ஒருத்தர் பழைய 80-400 நிக்கான் லென்ஸை விக்கிறாரு, பேர்ல "டி"ன்னு ஒரு எழுத்து வர்ற பழைய மாடல், 2000ல வந்தது, கண்ணாடி சுத்தமா இருக்கு, விலை கம்மி. பேசி முடிச்சு வாங்கிட்டு வந்து வீட்ல மாட்டினா ஃபோகஸே ஆகல. கிளீன் பண்ணிப் பார்த்தேன், பேட்டரி மாத்திப் பார்த்தேன், கேமராவை ரீசெட் பண்ணிப் பார்த்தேன், ம்ஹூம். அப்புறம்தான் தேடிப் படிச்சா, அந்தக் காலத்து லென்ஸ்ல மோட்டாரே கிடையாதாம், பாடிக்குள்ள (லென்ஸ் இல்லாத வெறும் கேமரா) இருக்கிற மோட்டார்தான் ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவர் மாதிரி வந்து லென்ஸைத் திருகணும், டி3000 வரிசை டி5000 வரிசை பாடியில அந்த மோட்டாரை வைக்கிறதில்ல, டி7000 வரிசைக்கு மேலதான் இருக்கு. இது எல்லாம் மேனுவல்லயே எழுதியிருக்கு, படிக்காதது நான். விற்றவர் மேல ஒரு தப்பும் இல்ல, அவரு டி7200ல போட்டு நல்லா எடுத்துட்டு இருந்தவரு. கெஞ்சிக் கூத்தாடி மூவாயிரம் நஷ்டத்துல திருப்பிக் கொடுத்தேன். அதுல இருந்து யார் செகண்ட் ஹேண்ட் லென்ஸ் வாங்க கூப்பிட்டாலும் நான் சொல்ற மொத வார்த்தை, உங்க பாடியைக் கையோட கொண்டு போங்க, அதுல மாட்டி கிட்ட ஒண்ணு தூரத்துல ஒண்ணு ஃபோகஸ் பண்ணிப் பாருங்க, அப்புறம் விலை பேசலாம்.

2019ல ஒரு நண்பர்ட்ட இருந்து நிக்கான் 200-500 எஃப் 5.6 எழுபதாயிரத்துக்கு வாங்கினேன் (எஃப்ங்கிறது அப்பர்சர், லென்ஸ்ல வெளிச்சம் உள்ள வர்ற துவாரம், நம்பர் கூடினா துவாரம் சின்னதாகும்). இது நல்ல லென்ஸ், அதுல எனக்கு இன்னைக்கும் சந்தேகம் இல்ல. ஆனா காலரோட (ஸ்டாண்டுல மாட்டுற வளையம்) சேர்த்து 2.3 கிலோ. கேட்டா ரெண்டே கிலோதானேன்னு தோணும், ஒரு பனங்காடை கரண்ட் கம்பியில உக்காந்திருக்கு, பறக்கிறப்ப நீல இறக்கையை எடுக்கணும்னு கண்ணுல வச்சபடியே ரெண்டு நிமிஷம் நில்லுங்க தெரியும். கை நடுங்க ஆரம்பிக்கும், சரி கொஞ்சம் இறக்கி வைப்போம்னு இறக்குவீங்க, அந்த செகண்ட்ல அது பறக்கும். எல்லா பனங்காடையும் இதுல ஒரே ஸ்கூல்ல படிச்சது.

500 வந்தப்புறமும் போட்டோ நான் நினைச்ச மாதிரி வரல. அப்பதான் ஒரு நாள் ராத்திரி உக்காந்து கணக்கு போட்டேன். டி5600 சென்சார், அதாவது கேமராவுக்குள்ள படம் விழுற சில்லு, அகலம் 23.5 மில்லிமீட்டர். தூரத்தை லென்ஸ் எம்எம்மால வகுத்து இதால பெருக்கினா, அந்த தூரத்துல எவ்வளவு அகலம் ஃப்ரேமுக்குள்ள வரும்னு வந்துரும், கிட்டத்தட்ட சரியா இருக்கும். 20 மீட்டர் தூரத்துல 500 போட்டா ஃப்ரேம் அகலம் 94 சென்டிமீட்டர். அதுல வெண்மார்பு மீன்கொத்தி 28 சென்டிமீட்டர், சரி, மூணுல ஒரு பங்கு, அழகா இருக்கும். அதே இடத்துல தேன்சிட்டு பத்து சென்டிமீட்டர், ஃப்ரேம்ல பத்துல ஒரு பங்கு, அவ்வளவு பெரிய லென்ஸை தூக்கிட்டுப் போயும் திரும்ப கடுகுதான். 500க்கு பதிலா 600 வாங்கினா 94ங்கிறது 78 ஆகும், அவ்வளவுதான், அதுக்கு இன்னும் எத்தனை ஆயிரம். ஆனா 20 மீட்டர்ல இருந்து 10 மீட்டருக்கு நீங்க போயிட்டா 47 ஆயிரும். காசே இல்லாம 1000 எம்எம் லென்ஸ் வாங்கின மாதிரி. கூந்தன்குளம் தெரு நாரை அன்னைக்கு எனக்கு சொன்னது இதைத்தான்.

அதுக்கப்புறம் லென்ஸ் பத்தி யோசிக்கிறதை விட்டுட்டு கிட்ட போறது எப்படின்னு யோசிக்க ஆரம்பிச்சேன். பைக்தான் கை கொடுத்துச்சு. குளத்துக் கரையில வண்டியில உக்காந்தே இருக்கிற வரைக்கும் கொக்கு, ஆள்காட்டி, பஞ்சுருட்டான் எதுவும் பெருசா கண்டுக்காது, ஸ்டாண்டு போட்டுட்டு காலை கீழ வச்சு நடந்தீங்கன்னா அம்புட்டுதான், ஆள்காட்டி ஒண்ணு கத்தி குளம் பூரா தகவல் சொல்லிரும். அதனால இஞ்சினை ஆஃப் பண்ணி உருட்டிட்டுப் போயி, இறங்காம, பெட்ரோல் டேங்க் மேல ஒரு பீன் பேக் வச்சு அதுல லென்ஸைச் சாய்ச்சு எடுப்பேன். பீன் பேக்னா பெருசா ஒண்ணும் இல்ல, பழைய ஜீன்ஸ் காலை வெட்டி ரெண்டு பக்கமும் தைச்சு உள்ள ரெண்டு கிலோ கொள்ளு. தையக்காரரு எதுக்குன்னு கேட்டாரு, சொன்னேன், நம்பல. இன்னொரு வழி உக்காந்துட்டே இருக்கிறது, இதுக்கு பொறுமை வேணும், பச்சைப் பஞ்சுருட்டான் ஒரு பூச்சியைப் பிடிச்சா பெரும்பாலும் அதே குச்சிக்குத் திரும்ப வரும், அந்தக் குச்சிக்கு ஏழெட்டு மீட்டர்ல இடம் பிடிச்சு உக்காந்தா போதும், துரத்த வேண்டாம். கூடு இருக்கிற இடத்துல மட்டும் இந்த கிட்ட போற வேலையெல்லாம் வேண்டாம், கிளையை ஒடிச்சு வழி பண்றது, போன்ல கூப்பாடு போட்டு வரவழைக்கிறது இதெல்லாம் பண்றவங்களைப் பார்த்தா எனக்கு ஆத்திரமா வரும்.

நடுவுல ஒரு வாரம் லென்ஸ் கெட்டுப்போச்சுன்னு முடிவே பண்ணிட்டேன். காலையில ஏழு மணிக்கு எடுத்த வாத்து இறகு இறகா தெரியுது, அதே குளத்துல பத்தரைக்கு எடுத்த வாத்து எண்ணெய் தடவின கண்ணாடி வழியா பார்த்த மாதிரி இருக்கு. ஃபோகஸ் சரி, ஷட்டர் வேகம் 1/1600 செகண்ட், ஆனா ஷார்ப் இல்ல. சர்வீசுக்கு அனுப்ப பார்சல் வரைக்கும் கட்டிட்டேன். கூட வர்ற ரிட்டயர்டு வாத்தியார் ஒருத்தர்தான் "ஏ அண்ணாச்சி, அந்தா தார் ரோட்டைப் பாரும்"னாரு. ரோட்டுக்கு மேல காத்து நெளியுது. கானல். நம்ம ஊரு வெயில்ல ஒன்பது மணிக்கு மேல வறண்ட மண்ணு, ரோடு, உப்பளம் இது எல்லாத்துக்கும் மேல காத்து கொதிக்கும், அந்தக் காத்து வழியா 60 மீட்டர் தள்ளி இருக்கிற பறவையை எடுத்தா பத்து லட்ச ரூபா லென்ஸும் தோத்துப்போகும். அதுக்கு மருந்து ரெண்டே ரெண்டு, விடிய முன்னாடி போகணும் இல்லைன்னா கிட்ட போகணும். பார்சலைப் பிரிச்சுட்டேன்.

அந்த வாத்தியார் வச்சிருக்கிறது நிக்கான் பி900. 83 மடங்கு ஜூம், 2000 எம்எம்முக்கு சமம்னு போட்டிருக்கும், நான் ஆரம்பத்துல மனசுக்குள்ள சிரிச்சிருக்கேன். ஆனா ஜனவரி மாசம் நீர்ப்பறவை கணக்கெடுப்பு போனப்ப குளத்து அக்கரையில ஒரு கூட்டம் இருக்கு, என்ன வாத்துன்னு என் லென்ஸ்ல தெரியல, அவரு ஜூம் பண்ணி தலையில ரெண்டு கருப்பு பட்டையைக் காட்டி "வரித்தலை வாத்து, எழுதிக்கோங்க"ன்னுட்டாரு. பறவையை அடையாளம் பார்த்து இபேர்ட்ல (பார்த்த பறவையைப் பதிவு பண்ற வெப்சைட்) லிஸ்ட் போடுறதுதான் உங்க சந்தோஷம்னா அந்த மாதிரி பிரிட்ஜ் கேமரா போதும், லென்ஸ் மாத்துற தலைவலியே இல்ல. வெளிச்சம் குறைஞ்சா அந்த குட்டி சென்சார் திணறும், பறக்கிற பறவையைப் பிடிக்கிறது கஷ்டம். வாத்தியாருக்கு அதைப் பத்தி கவலையே இல்ல, "பறக்கிறது பறக்கட்டும், உக்காரும்போது பாத்துக்கலாம்"பாரு.

செட்டிங்ஸ்ல நான் ரொம்ப நாள் ஏமாந்தது விஆர்ல, லென்ஸ்ல இருக்கிற நடுக்கம் குறைக்கிற வசதி அது. விஆர் ஆன்ல இருக்கு, கை நடுங்கினாலும் பரவாயில்லன்னு 1/250ல எடுப்பேன், மரம் கிளை எல்லாம் கத்தி மாதிரி, பறவை மட்டும் கலங்கல். விஆர் நம்ம கை ஆட்டத்தைத்தான் நிறுத்தும், குருவி தலையைத் திருப்புறதை அதால நிறுத்த முடியாது. இப்ப உக்காந்திருக்கிற பறவைக்கே 1/500க்கு கீழ போறதில்ல, பறக்கிறதுக்கு 1/2000. மேனுவல் மோடுல ஷட்டரையும் அப்பர்சரையும் வச்சுட்டு ஐஎஸ்ஓவை (வெளிச்சத்தை கேமரா எவ்வளவு கூட்டிக் காட்டணும்ங்கிற நம்பர்) ஆட்டோல விட்டுருவேன். ஐஎஸ்ஓ 1600, 3200 போகுதா, போகட்டும். அதனால படத்துல வர்ற புள்ளி புள்ளியான நாய்ஸை கம்ப்யூட்டர்ல குறைச்சுக்கலாம், ஆடிப்போன படத்தை ஒண்ணும் பண்ண முடியாது. கொக்குக்கு மட்டும் எக்ஸ்போஷரை மைனஸ் ஒண்ணு வரைக்கும் இறக்கணும், இல்லைன்னா இருட்டுத் தண்ணிக்கு முன்னாடி கொக்கு வெறும் வெள்ளைப் பேப்பர் ஆயிரும், ஒரு இறகு தெரியாது.

பாடி மாத்தினது 2022ல, செகண்ட் ஹேண்ட் டி500. அதே 200-500தான், ஆனா கரும்வெள்ளை மீன்கொத்தி தண்ணிக்கு மேல அந்தரத்துல நின்னு சிறகடிச்சு சட்டுனு தலைகீழா விழும் பாருங்க, அதை டி5600ல ரெண்டு வருஷம் முயற்சி பண்ணி நாலு படம் தேறுச்சு, டி500ல மொத வாரமே தேறுச்சு. செகண்டுக்கு அஞ்சு படத்துக்கும் பத்து படத்துக்கும் வித்தியாசம் இருக்கு, 39 ஃபோகஸ் பாயின்டுக்கும் 153க்கும் வித்தியாசம் இருக்கு. மெகாபிக்சல் பார்த்தா டி500ல தான் கம்மி, 20.9, பழசுல 24.2. ஆனாலும் மொதல்லயே டி500 வாங்கியிருக்கலாமோன்னு கேட்டா இல்லம்பேன். உக்காந்திருக்கிற பறவைக்கு டி5600 தாராளம். காசு லென்ஸுக்குத்தான் மொதல்ல போகணும், பாடி அப்புறம்.

இப்ப பூச்சிக்கு வாரேன், எனக்கு இதுலதான் ஆசை ஜாஸ்தி, ஏன்னா பெட்ரோல் செலவு இல்ல. 2020 லாக்டவுன்ல குளத்துக்குப் போக முடியாம கொல்லைப்புறத்துல உக்காந்தப்ப ஆரம்பிச்சது. மொதல்ல 40 எம்எம் மேக்ரோ லென்ஸ், அதாவது ரொம்ப கிட்ட வச்சு சின்னதைப் பெருசா எடுக்கிறது, வாங்க இருந்தேன், விலை கம்மி, ஒண்ணுக்கு ஒண்ணு சைஸ் வரும், பூச்சி அதோட நிஜ அளவுலயே சென்சார்ல விழும். நல்லவேளை வாங்கல. அந்த சைஸ் வரணும்னா பூச்சிக்கும் லென்ஸ் மூக்குக்கும் நடுவுல நாலு விரக்கடை கூட இருக்காது, நிழல் விழும், தட்டான் கிளம்பிரும். பூச்சிக்கு மேக்ரோ வாங்கினா 90, 100, 105 இந்த ரேஞ்சுல வாங்கணும், அதுலதான் மூச்சு விட அரை சாண் அளவாவது இடம் கிடைக்கும்.

கையில காசு இல்லாததால நான் வாங்கினது ரேனாக்ஸ் டிசிஆர்-250, லென்ஸ் முன்னாடி கிளிப் மாதிரி மாட்டுற சின்னக் கண்ணாடி, ஆறாயிரம் சொச்சம். நான் கேவலமா நினைச்ச அந்த 70-300 லென்ஸ் வாயி அகலம் 58 எம்எம், இந்த கிளிப் 52ல இருந்து 67 வரைக்கும் பிடிக்கும், சிக்குனு உக்காந்துச்சு. இதோட பவர் 8 டயாப்டர், அதாவது ஃபோகஸ் ஆகுற தூரம் 12 சென்டிமீட்டர் சொச்சத்துல நின்னுரும், கிட்டயும் போகாது தள்ளியும் போகாது. 70ல வச்சா நாலு சென்டிமீட்டர் அகலம் ஃப்ரேம்ல வரும், 300ல வச்சா ஒரு சென்டிமீட்டர். ஒரு கட்டெறும்பு ஃப்ரேம் பூரா நிக்கும்.

அந்த சைஸ்ல ஷார்ப்பா இருக்கிற ஆழம் எஃப் 11ல கூட அரை மில்லிமீட்டர் வராது. கண்ணுல ஃபோகஸ் வச்சா காலு போயிரும். ஆட்டோ ஃபோகஸை அணைச்சுட்டு, மூச்சைப் பிடிச்சு உடம்பை ஒரு நூல் அளவு முன்னும் பின்னும் ஆட்டி, கண்ணு மின்னுற அந்த நேரம் அமுக்கணும். இருபது எடுத்தா ஒண்ணு தேறும், அது நார்மல்.

நான் பூச்சியில தோத்த இடம் லென்ஸ் இல்ல, வெளிச்சம். கறிவேப்பிலை செடியில ஒரு குதிக்கும் சிலந்தி (சிலந்தி பூச்சி கிடையாது, எட்டு காலு, தெரியும், சண்டைக்கு வராதீங்க) குடியிருந்துச்சு. கேமராவோட சின்ன ஃபிளாஷ்ல எடுத்தா லென்ஸ் நிழலே அது மேல பாதி விழுது, மீதி பாதி எண்ணெய்ப் பளபளப்பு, கண்ணுக்குள்ள குண்டூசி முனை மாதிரி ஒரு வெள்ளைப் புள்ளி. அப்புறம் ஒரு சாதா மேனுவல் ஃபிளாஷ் வாங்கி, ஹோட்டல் பார்சல்ல வர்ற வெள்ளை சாம்பார் டப்பாவை வெட்டி, வாயில ரெண்டு மடிப்பு ட்ரேசிங் பேப்பர் ஒட்டி, லென்ஸ் மூக்குக்கு மேல குடை மாதிரி வர்றாப்ல ரப்பர் பேண்டு போட்டு கட்டினேன். 1/200, எஃப் 11, ஐஎஸ்ஓ 200. மொத படத்துலயே அது உடம்பு ரோமம் ஒவ்வொண்ணும் தனியா தெரிஞ்சுது, சாம்பல் நிறம்னு நினைச்சுட்டு இருந்த மூஞ்சியில ஆரஞ்சு முடி இருக்கு, முன்னாடி ரெண்டு பெரிய கண்ணுலயும் என் ட்ரேசிங் பேப்பர் வெள்ளைச் சதுரமா விழுந்திருக்கு. வீட்டம்மா அந்தப் படத்தைப் பார்த்துட்டு மூணு நாளைக்கு கறிவேப்பிலை பறிக்க என்னையே அனுப்பினா. டப்பா செலவு பூஜ்யம், சாம்பார் வாசம் மட்டும் ரெண்டு வாரம் போகல.

வண்ணத்துப்பூச்சிக்கும் தட்டானுக்கும் இந்த ரேனாக்ஸ் எல்லாம் தேவையில்ல, 200-500ஐயே 2.2 மீட்டர்ல வச்சு எடுக்கலாம், ஃப்ரேம் அகலம் பத்தரை சென்டிமீட்டர் வரும், எருக்கஞ்செடியில உக்காந்த வெந்தய வரியன் நிறைஞ்சு நிக்கும், பின்னாடி எல்லாம் வெண்ணெய் மாதிரி கரைஞ்சிரும். லென்ஸ் வாங்கும்போது எல்லாரும் அதிகபட்ச எம்எம் மட்டும்தான் பார்ப்பாங்க, எவ்வளவு கிட்ட ஃபோகஸ் ஆகும்ங்கிற நம்பரை யாரும் பார்க்கிறதில்ல. பறவையும் வேணும் பூச்சியும் வேணும்ங்கிறவங்க மொதல்ல பார்க்க வேண்டியதே அந்த நம்பர்தான். எங்க ஏரியா ரெப் தம்பி ஒருத்தன் போன வருஷம் கேனான் ஆர்10ல ஆர்எஃப் 100-400 போட்டு வாங்கினான், லென்ஸ் 635 கிராம், 88 சென்டிமீட்டர் வரைக்கும் கிட்ட போகலாம், வண்ணத்துப்பூச்சியை ஃப்ரேம் பூரா எடுக்கான், பறவை கண்ணை கேமராவே தேடிப் பிடிக்குது. பொறாமையாத்தான் இருக்கு. 400ல எஃப் 8, விடிகாலையில ஐஎஸ்ஓ 6400ன்னு ஏறிப்போய் நிக்கும், அது ஒண்ணுதான் குறை. புதுசா ஆரம்பிக்கிறவங்க இப்ப டிஎஸ்எல்ஆர் (என் டி5600, டி500 மாதிரி உள்ள கண்ணாடி வச்ச வகை) புதுசா தேட வேண்டாம், மிரர்லெஸ் (அந்த ஆர்10 மாதிரி கண்ணாடி இல்லாத வகை) பக்கம் போயிருங்க, இல்ல காசு கம்மின்னா என்னை மாதிரி செகண்ட் ஹேண்ட் டிஎஸ்எல்ஆர். ரெண்டுக்கும் நடுவுல நின்னு குழம்பாதீங்க.

செகண்ட் ஹேண்ட்ல பங்கஸ், அதாவது கண்ணாடிக்குள்ள பிடிக்கிற பூஞ்சை, இருக்கான்னு பார்க்காம வாங்கிராதீங்க. லென்ஸ் பின்னாடி டார்ச் அடிச்சு முன்பக்கம் சாய்வா பார்த்தா சிலந்தி வலை மாதிரி கோடு தெரியும். என் 18-55ஐ ஐப்பசி கார்த்திகை மழை பூரா ரெக்சின் பைக்குள்ளயே போட்டு வச்சு அப்படித்தான் தொலைச்சேன். இப்ப எல்லாத்தையும் ரப்பர் விளிம்பு வச்ச பெரிய பிளாஸ்டிக் டப்பாவுல, சிலிக்கா ஜெல் போட்டு, உள்ள ஈரப்பதம் காட்டுற சின்ன மீட்டர் ஒண்ணு வச்சு, 40க்கும் 50க்கும் நடுவுல பார்த்துக்கிறேன். ஜெல் கலர் மாறினா வாணலியில வறுத்துட்டு திரும்ப போடலாம், ஆனா சமையல் வாணலியில இல்ல, இதுக்குன்னு தனியா ஒண்ணு வாங்கிருங்க, எங்க வீட்ல அதுக்கு வாங்கின திட்டு தனிக் கதை.

டி5600 இப்ப மகள் கையில. நேத்து சாயங்காலம் முருங்கை மரத்துல கும்பிடுபூச்சி உக்காந்திருக்குன்னு கூப்பிட்டா, நான் 200-500ஐ எடுத்துட்டு ஓடினேன், "அப்பா அது வேண்டாம், நீ சாம்பார் டப்பாவைப் பிடி"ன்னுட்டா.